பொத்தான் மாமா திரும்பி வராத நாள்

என்னைப் ‘பொத்தான் மாமா’ என்று கூப்பிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இருபத்தேழு வருடமாக இசை நாடக மேடையில் ராஜா, மாலுமி, நீதிபதி, கொலைகாரன் என்று தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கிறேன். அதெல்லாம் எவன் கண்ணிலும் படாது. தெருவில் ஒரு வழுக்கைத் தலையன், கையில் ஆபீஸ் பையோடு போகிறவன், என்னைப் பார்த்ததும் அஞ்சு வயசுப் பிள்ளையாகிவிடுவான். “மாமா! பொத்தான் மாமா! ஒரே ஒரு தடவை அதைச் சொல்லுங்க மாமா!” என்பான். பக்கத்தில் நிற்கிற அவன் பெண்டாட்டிக்கு மானம் போகும். எனக்குச் சுர்ரென்று ஏறும். “போய்யா, போய்ப் பொழப்பப் பாரு” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

‘அது’ என்னவென்று சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் ஒன்பது வருடம், வாரத்துக்கு ஐந்து நாள், சாயங்காலம் நாலரைக்கு என் நிகழ்ச்சி. நேரடி ஒளிபரப்பு. பன்னிரண்டு பெரிய பொத்தான் வைத்த கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு வருவேன். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பாட்டு. நடுவில் மூன்று நிமிடம் விளம்பரம். அந்த மூன்று நிமிடத்தில் பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டால் பிஸ்கட் கம்பெனிக்காரனுக்கு என்ன லாபம்? அதனால் தயாரிப்பாளர் எனக்கு ஒரு வசனம் எழுதிக் கொடுத்தார். நான் கேமரா முன்னால் குந்தி உட்கார்ந்து, விரலை உயர்த்தி, ரகசியம் சொல்கிற மாதிரி சொல்வேன்: “மாமா இப்போ போயிட்டு ஓடி வந்துடுவேன். மாமா வர்ற வரைக்கும் யாரும் உக்காந்த எடத்த விட்டு அசையக் கூடாது. அசைஞ்சா மாமாவுக்குத் தெரிஞ்சிடும்.”

சும்மா சொல்லக் கூடாது, அசைய மாட்டார்கள். தாய்மார்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள். அந்த மூன்று நிமிடத்தில்தான் தலை வார முடிகிறது, சோறு ஊட்ட முடிகிறது, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஊரிலுள்ள அத்தனை பிள்ளைகளையும் ஒரே விரலில் கட்டிப் போடுகிறேன் என்றால் சும்மாவா?

ஆனாலும் எனக்கு மேடைதான் வேண்டும். கோட்டு போட்டுக் குதிக்கிறவனை யாரும் பாடகனாக மதிக்கவில்லை. அப்போதுதான் ஒரு பெரிய இசை நாடகக் குழுவில் மாலுமி வேடத்துக்குக் குரல் தேர்வு என்று தகவல் வந்தது. ஒரே நாள், சாயங்காலம் ஐந்து மணி, பிறகு கிடையாது. என் நிகழ்ச்சி ஐந்து மணிக்குத்தான் முடியும்.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு பழக்கம் இருந்தது. வெளியே யாருக்கும் தெரியாது. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று எழுதிய அட்டை ஒன்று இருக்கும் அல்லவா, பின்னணியில் புல்லாங்குழல் ஓடுமே, அந்த அட்டைதான் எங்களுக்கு லீவு லெட்டர். செய்தி வாசிக்கிறவருக்கு வயிற்றைக் கலக்குகிறதா, அட்டையைப் போடு. சமையல் நிகழ்ச்சி அம்மாவுக்கு மயக்கமா, அட்டையைப் போடு. மேலிடத்துக்கு ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதிவிட்டால் முடிந்தது. ஃப்ளோர் மேனேஜர் என் சிநேகிதன். கட்டைக்குரல் என்று கூப்பிடுவோம். “விளம்பரம் போட்டதும் நீ கெளம்பு. நான் அட்டையைப் போட்டுக்கறேன்” என்றான்.

நாலே முக்காலுக்கு விரலை உயர்த்தி வசனத்தைச் சொன்னேன். விளம்பரம் ஓடும்போதே பின்வாசல் வழியாக ஓடி டாக்ஸி பிடித்தேன். கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லை. தேர்வு நடந்த இடத்தில் அதைச் சுருட்டி, நாற்காலியில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து என் முறைக்குக் காத்திருந்தேன். பாடினேன். வேடம் கிடைத்தது. மறுநாள் கேமரா முன்னால் வந்து, “நேத்து மெஷின் மக்கர் பண்ணிடுச்சு செல்லங்களா” என்று ஒரு குட்டிக்கரணம் போட்டேன். இரண்டே மாதத்தில் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மேடைக்கு வந்துவிட்டேன். பிறகு பேட்டிகளில்கூட அந்த நாளைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன், மெஷின் மக்கர் பண்ணிய கதையாக.

இந்த வருடம் எனக்கு ஒரு கிழட்டு ராஜா வேடம். தன் நிழலைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற ராஜா. குழந்தைகளுக்கான நாடகம். தினமும் மதியம் மூன்று மணிக் காட்சி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கூட்டிவந்து இறக்குகிறார்கள். எங்கே ஆரம்பித்தேனோ அங்கேயே கொண்டுவந்து விட்டார்கள் பாருங்கள். இடுப்பு வரை நரைத்த விக். அதை வைக்க ஒரு பெண் இருக்கிறாள். வாயில் எப்போதும் நாலு கொண்டை ஊசி கவ்வியிருப்பதால் எல்லாரும் அவளைக் ‘கொண்டை ஊசி’ என்றே கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வயசு. பேசவே மாட்டாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். என் தலைமுடியை ஒட்ட வாரி, மெல்லிய தொப்பி மாட்டி, நெற்றி ஓரத்தில் அரிசி அளவு மைக்கை டேப் போட்டு ஒட்டி, ஒயரைக் கழுத்துப் பின்னால் இறக்கி, விக்கை வைத்து, ஊசி குத்தி, ஓரத்தில் பசை தடவி முடிக்க இருபது நிமிடம். மூன்று மாதத்தில் ஒரு தடவை கூட என் தலையில் ஊசி பட்டதில்லை.

அன்றைக்கு முதல் பாதி முடிகிற நேரத்தில் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. இறங்கவும் மாட்டேன், ஏறவும் மாட்டேன் என்கிறது. நானூறு பிள்ளைகள். காச்சுமூச்சென்று கத்த ஆரம்பித்தார்கள், சிலது மேடையைப் பார்த்து ஓடிவந்தது. டீச்சர்களுக்குக் கை ஓயவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, மேடை விளிம்பில் குந்தி உட்கார்ந்தேன். விரலை உயர்த்தினேன். இருபத்தேழு வருடமாக யார் கெஞ்சியும் சொல்லாததைச் சொன்னேன். “அசைஞ்சா மாமாவுக்குத் தெரிஞ்சிடும்.”

கப்சிப். நானூறும் பொம்மை மாதிரி நின்றன. என்னை அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, இருந்தாலும் நின்றன. அடேயப்பா, இன்னும் இருக்குடா உன்கிட்ட என்று எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. திரை இறங்கியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்பனை அறைக்குப் போனேன்.

கொண்டை ஊசி என் விக்கைச் சரிசெய்ய வந்தாள். முதல் ஊசியே என் மண்டையில் இறங்கியது.

“ஆ! கண்ணு எங்க இருக்கு உனக்கு? குருடா நீ? மண்டையில ஆணி அடிக்கிறியா?” என்று கத்தினேன்.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அந்த ஊசியை உருவி வேறு இடத்தில் குத்தினாள். “காட்சி முடிஞ்சதும் சொல்றேன் சார்” என்றாள். அவ்வளவுதான்.

ஐந்தரை மணிக்கு எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் என் நெற்றிப் பசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அந்த நேரத்தில் எழுந்து ஓட முடியாது. விக் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருக்கும்.

“எனக்கு அப்போ அஞ்சு வயசு சார். நானும் அம்மாவும் மட்டும்தான் வீட்ல. நீங்க விரலக் காமிச்சிட்டுப் போனீங்க. நான் அசையல. சமையல் ரூம்ல பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. ஒரே ஒரு தடவை. மாமா வந்த ஒடனே போலாம்னு இருந்தேன்.”

பஞ்சு நெற்றியில் நின்றுவிட்டது.

“நீங்க வரல. அட்டை வந்துச்சு. ஃப்ளூட் வாசிச்சாங்க. அதுக்கப்புறம் என்னென்னமோ வந்துச்சு. செய்தி வந்துச்சு. நான் அசையல சார். உக்காந்த எடத்துலயே எல்லாம் ஆயிடுச்சு, அப்பவும் எழுந்துக்கல. அப்பா வரும்போது மணி ஏழரை. அம்மா அடுப்புக்குக் கீழ கெடந்தாங்க. ஒரு மணி நேரம் முன்னாடி தூக்கிட்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம்.”

“அப்பா உன்னைத் திட்டினாரா?” என்று கேட்டேன். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

“ஒரு வார்த்தை சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. அம்மா பேரையே எடுக்கறதில்ல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.” மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள். “மெஷின் கெட்டுப் போச்சுன்னு நீங்க குடுத்த பேட்டிய நான் வெட்டி வெச்சிருக்கேன். ஆனா ஒண்ணு மட்டும் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு உள்ள என்ன சார் ஆச்சு? நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஸாரிம்மா, எனக்குத் தெரியாது என்று எழுந்து போயிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்ததா எனக்கு? கண்ணாடியில் அவள் முகம் அப்படி இருந்தது. நாற்பது வருடம் முகங்களைப் பார்த்துப் பார்த்து, அதற்கு என்ன வேண்டுமோ அதை எடுத்துக் கொடுத்தே பிழைத்தவன் நான்.

“நான் நின்னேம்மா” என்றேன். “மூணு நிமிஷம் முடிஞ்சதும் கேமரா முன்னாடி வந்து நின்னேன். நிகழ்ச்சி உங்க டிவிக்கு வந்து சேரலன்னு எனக்குத் தெரியாது. எல்லாம் பாடினேன். கடைசிப் பொத்தான் வரைக்கும். அப்புறந்தான் லைன் போயிடுச்சுன்னு சொன்னாங்க. எனக்கு என்ன தோணுச்சோ, கேமராவப் பிடிச்சு உலுக்கி, ‘மாமா வந்துட்டேன்டா, எல்லாரும் எழுந்திருங்க, ஓடிப் போய் அம்மாவப் பாருங்க’ன்னு கத்தினேன். ரெண்டு பேர் என்னைப் பிடிச்சு இழுத்தாங்க.”

சொல்லும்போது என் கண்ணில் தண்ணீர் வந்தது. நடிப்பு அப்படி வந்துவிட்டது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், நடுவில் சிரித்தாள். “வந்தீங்களா மாமா? அப்போ நீங்க வந்துட்டீங்க. எனக்குத்தான் தெரியல” என்றாள். நான் யாரையும் மாமா என்று கூப்பிட விடுவதில்லை. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கொண்டை ஊசி பேசினாள். ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினாள். ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் தூங்கினாளாம், முகமே மாறிப் போயிருந்தது. ராணி வேடக்காரியைக் கிண்டலடித்தாள். விக் வாரும்போது வாய்க்குள் பாட்டு ஓடியது. என் பழைய பொத்தான் பாட்டு. “அந்த எடத்த இன்னொரு தடவை சொல்லுங்களேன். ரெண்டு பேர் இழுத்தாங்களே, அதுல ஒருத்தர் யாரு?” என்று கேட்டாள். நானும் சொன்னேன். தினமும் கேட்டாள், தினமும் சொன்னேன். ஒருத்தருக்கு மீசை வைத்தேன். கேமராவில் கீறல் விழுந்தது என்றேன். பொய்க்குக் கை கால் முளைத்து அது அந்த அறையில் என்னோடு நடமாட ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது வாரம் வந்து சொன்னாள்: “அப்பாகிட்ட சொன்னேன். அவர் அழுதுட்டார். அம்மா பேரச் சொன்னார் சார், இருபத்தேழு வருஷத்துல முதல் தடவையா. நேத்து ரெண்டு பேரும் உக்காந்து அம்மா ஃபோட்டோ எல்லாம் எடுத்துப் பாத்தோம்.”

அன்றைக்கு மேடையில் எனக்குப் பாட்டு மறந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் குழந்தை என் கண்ணில் பட ஆரம்பித்தது. மூன்றாவது வரிசை, ஓரத்து இருக்கை. இடைவேளை விளக்கு போட்டதும் மற்ற பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்கும் கக்கூசுக்கும் ஓடும். அது மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதல் நாள் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். யாரோ சமத்துப் பெண் என்று நினைத்தேன். மறுநாள் வேறு பள்ளிக்கூடம், அதே இருக்கை, அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேஜ் மேனேஜரம்மாவைக் கூப்பிட்டு, “அந்தப் பொண்ணு ஏன் வெளிய போகல, போய்க் கேளுங்க” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்த எடத்துல ஸ்பீக்கர் மறைக்குதுன்னு ரெண்டு மாசமா டிக்கெட்டே குடுக்கறதில்ல சார். தூங்கினீங்களா இல்லியா?” என்றாள்.

தூங்கவில்லை. கண்ணை மூடினால் புல்லாங்குழல். எங்கள் வாத்தியக் குழுவிலும் ஒருவன் புல்லாங்குழல் வாசிக்கிறான், நல்ல பையன், அவன் வாயில் வைத்தாலே எனக்கு முதுகு சில்லென்று ஆகிவிடும். இடைவேளையில் அறைக்குப் போக முடியவில்லை. நான் போனால் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்று பயம். பதினைந்து நிமிடமும் திரைக்குப் பின்னாலேயே நின்றேன். கொண்டை ஊசி ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து, “வயசான காலத்துல ஏன் சார் இப்படி கால் கடுக்க நிக்கறீங்க” என்று ஸ்டூல் போட்டாள். அவள் நல்லபடியாக நடக்க நடக்க எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கட்டைக்குரலுக்கு ஃபோன் போட்டேன். இப்போது மகள் வீட்டில் இருக்கிறான், மூட்டு வலி. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“அட்டையப் போட்டது என் கைதான்யா” என்றான். பிறகு, “அந்தப் பொண்ணு இப்போ சந்தோஷமா இருக்கா?”

“இருக்கா.”

“அப்போ வாய மூடிட்டு இரு. சாகற வரைக்கும் மூடிட்டு இரு. தூக்கம் வரலன்னா மாத்திரை போட்டுக்க. அவகிட்ட போய் ஒளறாத.”

இவன் என்ன எனக்குப் புத்தி சொல்வது என்று கோபம் வந்தது. அவனுக்கென்ன, அவன் தலையில் தினமும் அவள் கை படவில்லையே.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை. தொப்பி மாட்டி மைக்கை ஒட்டியாகிவிட்டது. விக்கைக் கையில் எடுத்தவள், “அந்த எடத்த...” என்று ஆரம்பித்தாள். என்னால் முடியவில்லை.

“நான் நிக்கலம்மா” என்றேன். “அன்னிக்கு மெஷின் கெடல. நான் ஒரு வேஷத்துக்காகப் பாடிக் காமிக்கப் போயிட்டேன். டாக்ஸியில. அட்டையப் போட்டதே எனக்காகத்தான். நான் உன்கிட்ட சொன்னது எல்லாம் பொய். கேமராவும் பொய், மீசைக்காரனும் பொய்.”

எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? மூன்று வாரத்தில் முதல் தடவையாக முழு மூச்சு விட்டேன்.

அவள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு விக்கை என் தலையில் வைத்துச் சரிபார்த்தாள். வேலையை நிறுத்தவில்லை. ஒரு ஊசி, இரண்டாவது ஊசி. ஒன்றுகூட என் மேல் படவில்லை.

“எதுக்கு சார் சொன்னீங்க?” என்றாள்.

“உண்மை உனக்குத் தெரிய வேணாமா?”

“எனக்கா? இப்போ நான் கேக்கலியே. நான் கேட்டப்போ நீங்க சொல்லல.” குரல் உயரவில்லை. “உங்களுக்குத் தூக்கம் வரல. அதான் சொன்னீங்க. இப்போ எறக்கி வெச்சிட்டீங்க, கெளம்பிடுவீங்க.”

“அப்படி இல்லம்மா...”

“அந்த மூணு வாரம் நான் நல்லா இருந்தேன் சார்.”

அறை ஸ்பீக்கரில் ஸ்டேஜ் மேனேஜரம்மாவின் குரல் வந்தது. “பத்து நிமிஷம். எல்லாரும் பத்து நிமிஷத்துல மேடைக்கு வரணும்.” வெளியே பிள்ளைகள் இருக்கை தேடி ஓடுகிற சத்தம்.

அவள் பசையைத் திறந்து என் நெற்றி ஓரத்தில் தூரிகையால் தடவினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. “அப்பா இன்னிக்குக் காலைல அம்மா புடவையெல்லாம் எடுத்து வெயில்ல போட்டிருக்கார். எதை எப்போ வாங்கினதுன்னு சொல்லிட்டே போட்டார். அவர்கிட்ட நான் இப்போ போய் என்ன சொல்றது?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் வரேம்மா. ஞாயித்துக்கிழமை நானே வீட்டுக்கு வந்து, அவர் கால்ல விழுந்து சொல்றேன். நீ போய் மாமா வர்றார்னு மட்டும் சொல்லு.”

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். விக்கை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். உறுதியாக இருந்தது.

“வேணாம் சார்” என்றாள். “நீங்க வரேன்னு சொன்னா, அவரும் உக்காந்து காத்துட்டு இருப்பார்.”

மணி அடித்தது. நான் எழுந்து மேடைக்குப் போனேன்.